கடன் வழக்கில் சம்மன் வந்தால்: அந்தக் காகிதங்களை எப்படிப் படிப்பது?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்மன் வந்ததும் அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவர்கள் உண்டு. பிறகு ஒருநாள் ஜப்தி நோட்டீஸ் வரும். அப்போது அதே கவரை எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீசுக்கு ஓடி வருவார்கள். தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்த காலத்தில், ஒட்டுப் பிரியாத அப்படிப்பட்ட கவர்களை நானே கத்தரித்துத் திறந்திருக்கிறேன். உள்ளே இருந்தது பல நேரம் தோற்கிற வழக்கே இல்லை. நாள் கடந்து போனதால் தோற்ற வழக்கு. அதனால் இங்கே சட்டத்தைவிட நாள் கணக்குதான் அதிகம் இருக்கும். நான் வக்கீல் இல்லை. காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். வாதாட வக்கீலிடம்தான் போக வேண்டும்.

வந்திருப்பது கோர்ட் காகிதம்தானா, இல்லை வெறும் மிரட்டலா?

வக்கீல் நோட்டீஸ் என்றால் ஒரு வக்கீலின் லெட்டர்பேடில், "எனது கட்சிக்காரர் தெரிவிப்பது என்னவென்றால்" என்கிற தோரணையில் இருக்கும். வழக்கு எண் இருக்காது. வழக்கு இனிமேல் வரலாம் என்பதற்கான முன்னறிவிப்பு அது. இதற்குப் பதில் நோட்டீஸ் கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்காவிட்டால், "நோட்டீசைப் பெற்றுக்கொண்டும் பிரதிவாதி பதில் அனுப்பவில்லை" என்று பின்னால் பிராதில், அதாவது வாதி கோர்ட்டில் கொடுக்கும் வழக்குரையில், ஒரு பத்தி நிச்சயம் இருக்கும். நீதிபதி அதைக் கவனிப்பார்.

கோர்ட் சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர்கள், ஆஜராக வேண்டிய தேதி, நீதிமன்ற முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். கூடவே பிராதின் நகலும் வர வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்று இப்போது நிறைய உலவுகிறது. வாட்ஸாப்பில் ஒரு படம், மேலே அசோகச் சின்னம், "இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கைது" என்று சிவப்பு எழுத்து, கீழே பணம் அனுப்ப ஒரு யூபிஐ எண். எந்த உரிமையியல் நீதிமன்றமும் இப்படிப் பணம் கேட்காது. ஆனாலும் வாட்ஸாப்பில் வந்தது என்பதற்காகவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்னணு வழியில் நிஜ சம்மனும் வரக்கூடும். இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணையோ வழக்கு எண்ணையோ போட்டால், அப்படி ஒரு வழக்கு இருக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது என்று தெரிந்துவிடும். உங்கள் பெயரைப் போட்டும் தேடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

சம்மன் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா வந்தபோது வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். தப்பித்தோமா?

இல்லை. தபாலை வாங்க மறுத்து "மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பிப் போனால், சம்மன் சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் இல்லாதபோது வீட்டில் இருக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் அமீனா கொடுக்கலாம். வேலைக்காரர் இந்தக் கணக்கில் வரமாட்டார். யாருமே வாங்காவிட்டால் கதவில் ஒட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்ற உத்தரவு பெற்றுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பார்கள். அந்த விளம்பரத்தை உங்கள் சம்பந்தி வீட்டில் யாராவது படித்துவிட்டுப் போன் செய்வார்கள். வாங்கிக் கையெழுத்துப் போடுவதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. காகிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. போடும்போது பக்கத்தில் தேதியும் போடுங்கள். உங்கள் நாள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

முதல் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வழக்கு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளை. ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, அதாவது பணத்துக்கான சாதாரண சிவில் வழக்கு, இப்போதுதான் ஆரம்பம். ஐ.ஏ. என்றால் அந்த வழக்குக்குள் போட்ட இடைநிலை மனு. ஐ.ஏ. எண் கூடவே வந்திருந்தால் கவனம் தேவை. தீர்ப்புக்கு முன்பே உங்கள் சொத்தை ஜப்தி செய்யக் கேட்டிருக்கலாம். அதற்கு நீங்கள் ஜாமீன் காட்ட வேண்டும், அல்லது ஏன் ஜப்தி கூடாது என்று காரணம் சொல்ல வேண்டும். இ.பி. என்றால் நிறைவேற்று மனு. தீர்ப்பு ஏற்கெனவே வந்து, வசூலுக்கு வந்துவிட்டார்கள் என்று பொருள். எஸ்.டி.சி. அல்லது சி.சி. என்று போட்டு, குற்றவியல் நடுவர் நீதிமன்றம் என்று இருந்தால் அநேகமாகச் செக் கேஸ், அதாவது நீங்கள் கொடுத்த செக் திரும்பியதற்கான வழக்கு. அது தனிக் கதை, கீழே வருகிறது.

அப்புறம் வாதியின் பெயர். "இந்த ஆள் யாரென்றே தெரியாது, நான் கடன் வாங்கியது வேறு ஒருவரிடம்" என்று சிலர் பதறுவார்கள். புரோநோட்டை, அதாவது பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட கடன் சீட்டை, இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். கோர்ட் வட்டாரத்தில் மேடு ஓவர் என்பார்கள். "தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ" என்று புரோநோட்டில் எழுதியிருப்பது இதற்குத்தான். அப்படியென்றால் நோட்டின் பின்பக்கம் முதலில் கடன் கொடுத்தவர் எழுதிக் கையெழுத்திட்ட மேற்குறிப்பு இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு எத்தனை நாள் அவகாசம்?

சாதாரண ஓ.எஸ். வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலமான பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கும் மேல் போனால் கதவு முழுதாக மூடிவிடாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். வணிக வழக்கு என்றால் 120 நாள்தான் கடைசி எல்லை. அதற்குப் பிறகு பதிலுரையை வாங்கவே மாட்டார்கள்.

இன்னொரு வகை சம்மன் இருக்கிறது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், விஷயம் வேறு. அதில் "கட்டளை 37" என்றோ "சுருக்க முறை வழக்கு" என்றோ இருக்கும். புரோநோட்டு, செக், எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இவற்றின் பேரில் போடும் வழக்கு. இதில் முதல் கெடு 10 நாள். அதற்குள் ஆஜராகி, உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டிய முகவரியைக் கொடுக்க வேண்டும். பிறகு வாதி தரப்பில் தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொன்று வரும். அது கிடைத்த 10 நாளுக்குள், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) போட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தவறவிட்டாலும், வாதி கேட்டபடி தீர்ப்பாகிவிடலாம். "முப்பது நாள் இருக்கிறதே" என்று நிதானமாக வந்து இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிராதைப் படிக்க உட்காருகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடைசியிலிருந்து. கடைசிப் பத்திகளில் பரிகாரம் இருக்கும்: எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து என்ன வட்டி, செலவுத்தொகை. அதற்கு மேலே கணக்கு விவரம். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 14.3.2022 தேதியிட்ட புரோநோட்டு, அசல் 2,00,000 ரூபாய், வட்டி வருடத்துக்கு 12 சதவீதம், வழக்குத் தாக்கல் 14.1.2025. மாதம் 2,000 வீதம் 34 மாதத்துக்கு வட்டி 68,000. தாவா தொகை, அதாவது வழக்கில் கேட்கும் மொத்தத் தொகை, 2,68,000. தமிழ்நாட்டில் 2017 முதல் கோர்ட் கட்டணம் நூற்றுக்கு மூன்று; ஆக 8,040. தோற்றால் இதுவும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். இப்படி ஒரு துண்டுச் சீட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். நீங்கள் கட்டிய தவணை எதுவும் கழிக்கப்படாமல் இருந்தால், அங்கேயே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அடுத்து "வழக்கு மூலம்" என்று ஆரம்பிக்கும் பத்தி. பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும்: இன்ன தேதியில் பிரதிவாதி கடன் பெற்றபோதும், இன்ன தேதியில் ரூபாய் இவ்வளவு வரவு வைத்தபோதும், இன்ன தேதியில் அறிவிப்பு அனுப்பியபோதும், இந்த நீதிமன்ற எல்லைக்குட்பட்ட இன்ன ஊரில் என்று ஒரே மூச்சில் போகும். பலர் தாண்டிவிடுவார்கள். மொத்த வழக்கின் முதுகெலும்பும் அங்கேதான் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு தேதியையும் ஊரையும் தனியாக எழுதி, எது சரி, எது தப்பு என்று பக்கத்தில் குறியுங்கள். பணம் வாங்கியதாகச் சொல்லும் நாளில் நீங்கள் ஊரிலேயே இல்லையா? ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா? இங்கேதான் அது தெரியவரும்.

கடைசியாக ஆவணப் பட்டியல். அசல் புரோநோட்டு, வக்கீல் நோட்டீஸ், ஒப்புகை அட்டை என்று வரிசையாக இருக்கும். எந்த நகல் உங்களுக்கு வரவில்லையோ, அதை உங்கள் வக்கீல் கேட்டு வாங்க வேண்டும். புரோநோட்டின் முன்பக்கத்தை மட்டும் நகலெடுத்துத் தந்திருந்தால் பின்பக்கத்தையும் கேளுங்கள்.

பின்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கடன் வழக்கில் பாதிச் சண்டை பின்பக்கத்தில்தான். 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, அதன் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மேலே சொன்ன நோட்டுக்கு 14.3.2025. அன்று கோர்ட் விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். அது தாண்டினால் வழக்கு செல்லாது. பிரதிவாதி இந்த வாதத்தை எடுக்காவிட்டாலும் நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் நீதிபதி தானாகக் கவனிப்பார் என்று விட்டுவிடாமல் பதிலுரையில் எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்த மூன்று வருடத்தை நீட்டிக்க இரண்டு வழி. ஒன்று, காலம் முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்திடுவது. இன்னொன்று, ஒரு பகுதிப் பணம் கட்டி, அது உங்கள் கையெழுத்திலோ நீங்கள் கையெழுத்திட்டோ பதிவாவது. புரோநோட்டின் பின்னால் "இன்று ரூ.500 வரவு" என்று எழுதி வாங்கிக்கொள்வது இதற்குத்தான். வழக்கு இன்னும் போடாத நிலையில் 2.2.2025 அன்று அப்படி ஒரு வரவு இருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். ஐந்நூறு ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு உயிர் வந்துவிடும்.

அதனால் அந்த வரவுக் குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கையெழுத்து உங்களுடையதா? காலம் முடிய ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது, வருடக்கணக்காக ஒன்றும் கட்டாத ஆள் திடீரென்று ஐந்நூறு ரூபாய் கட்டியதாக இருக்கிறதா? கடன் கொடுத்தவரே எழுதி, உங்கள் கையெழுத்தே இல்லாமல் இருக்கிறதா? கடைசியில் சொன்னது செல்லாது. மற்றவை சாட்சியத்தில் முடிவாகும்.

கொரோனா காலத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் காலவரையறைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018, 2019-ல் எழுதிய நோட்டு காலாவதி என்று நீங்களே தீர்மானித்துவிட வேண்டாம். இதை வைத்து எண்ணிப் பாருங்கள்.

எழுதாத புரோநோட்டில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தேன். அதில் இஷ்டத்துக்குத் தொகை போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

இதுதான் எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம் கேட்ட கேள்வி. ஐம்பதாயிரம் வாங்கியிருப்பார். கடன் கொடுத்தவர் இரண்டு எழுதாத புரோநோட்டு, நான்கு செக், ஒரு வெற்றுப் பத்திரம் என்று எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார். பிறகு தகராறு வந்ததும் ஐந்து லட்சத்துக்கு வழக்கு வரும். நோட்டில் "என் குடும்பச் செலவுக்காகவும் சில்லறைக் கடன் பைசல் செய்வதற்காகவும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அழகான தமிழில் இருக்கும்.

கஷ்டமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து உங்களுடையது என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியிருக்கிறது என்றே சட்டம் அனுமானிக்கும். மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 118-வது பிரிவு அது. ஸ்டாம்ப் ஒட்டி வெறுமையாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள நீங்களே அதிகாரம் கொடுத்ததாக 20-வது பிரிவு சொல்கிறது. "வெத்து நோட்டு சார்" என்று சொன்னதும் வழக்கு கலைந்துவிடாது.

ஆனால் அந்த அனுமானத்தை உடைக்கலாம். குற்ற வழக்கு மாதிரி சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கம்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். மாதம் பதினைந்தாயிரம் சம்பளக்காரர் ஐந்து லட்சம் ரொக்கம் கொடுத்தேன் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேட்கலாம். நோட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் யார், எங்கே உட்கார்ந்து எழுதினார்கள், எழுதியவர் யார் என்று கேட்கலாம். கட்டிய பணத்துக்கான கூகுள் பே பதிவு, பாங்க் பாஸ்புக், தவணை கட்டியதைக் குறிக்கும் தண்டல் அட்டை எல்லாம் சேகரியுங்கள். அந்தச் சிறிய அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம்.

தயவுசெய்து ஒன்று செய்யாதீர்கள். உங்கள் கையெழுத்தையே "என்னுடையது இல்லை" என்று சொல்லாதீர்கள். நிபுணர் ஒப்பீட்டுக்குப் போய் உங்களுடையதுதான் என்று வந்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வட்டி அநியாயமாக இருக்கிறது. அதைக் கேட்க முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் 2003-ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊரில் சொல்லும் பெயர்களையே எடுத்து விளக்கம் கொடுத்துத் தடை செய்கிறது. அது இல்லாமலும், வழக்குப் போட்ட நாளிலிருந்து எவ்வளவு வட்டி என்பது நீதிமன்றத்தின் கையில்தான். தொழில் சம்பந்தமில்லாத கடனுக்குத் தீர்ப்புக்குப் பிறகு வருடத்துக்கு 6 சதவீதத்துக்கு மேல் கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தரவில்லை. "நூற்றுக்கு ரெண்டு" என்று பேச்சில் சொல்வது வருடத்துக்கு 24 சதவீதம். பிராதில் எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலுரையில் என்ன எழுத வேண்டும்? "எல்லாம் பொய்" என்று எழுதினால் போதாதா?

போதாது. மறுக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் குறிப்பாக மறுக்க வேண்டும். பூசி மெழுகினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "பிராது 3-வது பத்தியில் சொல்வதுபோல் 14.3.2022-ல் இரண்டு லட்சம் வாங்கவில்லை, 2021 தீபாவளிக்கு முன் ஐம்பதாயிரம் வாங்கினேன், அதில் முப்பதாயிரம் இன்னின்ன தேதிகளில் கட்டிவிட்டேன்" என்று எழுதினால் அது மறுப்பு. உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். வக்கீலிடம் போகும்போது, மேலே சொன்னபடி குறித்து வைத்த பிராது நகலைக் கொண்டுபோனால் அவருடைய வேலை பாதி முடிந்துவிடும். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு "எல்லாம் வக்கீல் பார்த்துக்குவார்" என்று போய்விடாதீர்கள். பதிலுரை தாக்கலாகிவிட்டதா என்று வாய்தா தோறும் நீங்களும் இ-கோர்ட்ஸில் பாருங்கள்.

வாங்கியது உண்மை, பாக்கியும் உண்மை. கையில் பணம்தான் இல்லை. கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

போனால் தவணை கேட்கலாம். தீர்ப்பு சொல்லும்போதே தவணையில் கட்ட அனுமதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பு வந்த பிறகு கேட்டால் வாதியின் சம்மதம் தேவைப்படும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே முதல் வாய்தாவுக்குப் போகலாம்.

லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றமும் உண்டு. அங்கே வட்டியைக் குறைத்துப் பேசி முடிப்பது சகஜம். வாதி கட்டிய கோர்ட் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவருக்கும் அதில் ஒரு ஆசை இருக்கும். வழக்கே போடாத நிலையில் பாங்கு தரப்பிலிருந்து லோக் அதாலத் நோட்டீஸ் வருவதும் உண்டு. போகாவிட்டால் கைது எல்லாம் கிடையாது. ஆனால் போய்க் கையெழுத்துப் போட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். மேடையில் நீதிபதி ஐயா கேட்டாரே என்று தலையாட்டிவிட்டு, அடுத்த மாதமே தவணை தவறியவர்கள் உண்டு.

செக் கேசும் இதே மாதிரிதானா?

இல்லை, அது குற்ற வழக்கு. செக் திரும்பியதாக பாங்கு தகவல் வந்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாள் உங்களுக்கு. அதற்குள் செக் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். நிரூபணமானால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. விசாரணை நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் முடியும். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும். போலீஸ் வீட்டுக்கு வருவது இந்த வகையில்தான். எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம். ஒரே கடனுக்குப் புரோநோட்டில் சிவில் வழக்கும் செக்கில் குற்ற வழக்கும் தனித்தனியாக வரலாம். ஒன்றில் ஆஜரானது மற்றதற்குக் கணக்காகாது.

பாங்க், ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து வேறு மாதிரி காகிதம் வந்திருக்கிறது.

வீட்டையோ மனையையோ அடமானம் வைத்த கடன் என்றால் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீசாக இருக்கலாம். 60 நாள் கெடு. அதற்குப் பிறகு சொத்தைக் கைப்பற்ற கோர்ட் தீர்ப்புக்கு அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பற்றும் நடவடிக்கை வந்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்தில் தொட முடியாது. 20 லட்சத்துக்குக் குறையாத பாங்க் கடன் வழக்குகளும் அந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது.

வண்டிக் கடன் என்றால் மத்தியஸ்தர் நோட்டீஸ் வரலாம். "ஏதோ ஒரு வக்கீல் பெயர், கோர்ட் இல்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர் கொடுக்கும் தீர்ப்பும் கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேறும். எதிர்த்துப் போக மூன்று மாதம், காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அவ்வளவுதான். கடன் கொடுத்த கம்பெனி தன்னிச்சையாக ஒருவரை மத்தியஸ்தராக நியமிக்க முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை முதல் பதிலிலேயே எழுத்தில் எழுப்புங்கள்.

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் சம்மன். அப்பா வாங்கிய கடனுக்கும் பிள்ளைகள் பொறுப்பா?

ஜாமீன்தாரரும் கடனாளி அளவுக்கே பொறுப்பு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்ல முடியாது. நேரே உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். கட்டிய பிறகு மச்சானிடம் நீங்கள் வசூலிக்கலாம், சட்டப்படி. குடும்பத்தில் அது எப்படிப் போகும் என்பது வேறு விஷயம்.

இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. இதைப் பதிலுரையில் சொல்லியாக வேண்டும்.

சம்மன் வந்ததே தெரியாது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டதாம்.

பிரதிவாதி வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாவதைத்தான் எக்ஸ்பார்ட்டி என்பார்கள். தீர்ப்பான 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். சம்மன் முறையாக உங்களுக்குச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாமதமானால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு. ஒரு பகுதிப் பணத்தைக் கட்டச் சொல்லி நிபந்தனையோடு அனுமதிப்பது வழக்கம், அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். சம்மன் எந்த முகவரிக்குப் போனது, யார் வாங்கினார்கள், அமீனா என்ன குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் கோர்ட்டில் உள்ள வழக்குக் கோப்பில் இருக்கும். முதலில் அதன் நகலை எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுச் சாமானை ஜப்தி செய்வார்களா? ஜெயிலில் போடுவார்களா?

உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழில் கருவிகள், விவசாயியின் உழவு மாடுகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, பிராவிடன்ட் ஃபண்ட், அரசு ஓய்வூதியம் இவற்றைத் தொட முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கு. கணக்கில் எடுக்கும் சம்பளம் 25,000 என்றால் 17,000 உங்களுக்கு, 8,000 பிடிக்கலாம். ஒரே டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால் அப்புறம் பிடிக்க முடியாது. வீடு, மனை, வண்டி ஆகியவை ஏலத்துக்கு வரும். டிகிரிக்கு ஆயுள் 12 வருடம். "அவன் மறந்துட்டான்" என்று நினைக்க வேண்டாம்.

கைது என்பது சட்டத்தில் உண்டு, ஆனால் எடுத்தவுடன் கிடையாது. ஏன் சிறையில் வைக்கக் கூடாது என்று முதலில் நோட்டீஸ் வரும். அதற்குப் போய் உங்கள் வருமானத்தைச் சொல்ல வேண்டும். பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் வைக்கலாம். வெறும் ஏழ்மைக்காகச் சிறை கூடாது என்று 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றைக்கும் உதவுகிறது. வைத்தாலும் அதிகபட்சம் மூன்று மாதம். பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. இதைத் தெரியாமல் ராத்திரியெல்லாம் அழுத அம்மாக்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் தீர்ந்ததா?

அது நொடிப்பு மனு, அதாவது திவால் மனு; ஐ.பி. என்பார்கள். சென்னைக்கு வெளியே 1920-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. கடன்காரர்களை நிறுத்திவைக்க உதவும். ஆனால் உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும். முந்தின மாதம் மனைவி பெயருக்கு எழுதிவைத்த நிலமும் கேள்விக்குள்ளாகும்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை.

ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சம்மன் கவரையும் பிராதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு முழுப் பணத்தையும் நேரில் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றுமில்லையே?

எதில் எழுதி வாங்கினீர்கள்? டிகிரி தொகையைக் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்தால் அதைக் கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும். அவர் பதிவு செய்யாவிட்டால் நீங்கள் மனுப் போட வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. பதிவாகாத பணத்தை, நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. நம்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து இ.பி. நோட்டீசோடு வந்த ஒரு பெரியவர் கையில் ரசீது என்று இருந்தது ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம். வழக்கே வராமல் கட்டி முடித்தவர்கள் புரோநோட்டையும் செக்கையும் கையில் வாங்கி, குறுக்கே கோடு போட்டு, "வரவாகி ரத்து" என்று கடன் கொடுத்தவரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். "நோட்டு பீரோவில் இருக்கு, சாவி சம்சாரம்கிட்ட, நாளைக்குத் தர்றேன்" என்று சொன்னால், பணத்தையும் நாளைக்கே கொடுங்கள்.